அந்த இரவுக்கு முன்பே எழுதிவைக்கும் மடல்

எந்த நாடாக இருந்தாலும், அந்த இரவில் அமைச்சரவை அறையில் கூடி உட்காரப்போகிறவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் நாட்டில் குண்டு எதுவும் வெடிக்காத நாளாகப் பார்த்து இதை எழுதுகிறேன். வெடித்த பிறகு எழுதினால் யாரும் படிக்கப்போவதில்லை. படித்தாலும் 'இவன் யார் பக்கம்?' என்றுதான் முதலில் கேட்பார்கள். பிணங்களை எண்ணி முடிக்காத நேரத்தில் நிதானம் பேசுகிறவன் கல்நெஞ்சன் என்றோ துரோகி என்றோதான் பெயர் வாங்குவான். அதனால்தான் முன்கூட்டியே எழுதிவைக்கிறேன். மேசை இழுப்பறையில் போட்டுவையுங்கள். அந்த இரவில் முதல் கூட்டத்துக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள்.

நான் ராஜதந்திரியும் இல்லை, படைத்தளபதியும் இல்லை. நாளிதழ் ஒன்றில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இரவுப் பணியில் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏஜென்சிகளிலிருந்து வரும் செய்தியை மொழிபெயர்த்து, வெட்டி, தலைப்புப் போட்டுக் கடைசிப் பதிப்புக்கு அனுப்புவது என் வேலை. தாக்குதல் நடந்த இரவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போன் ஓயாது. பக்கத்தை முடிப்பதற்குள் சாவு எண்ணிக்கை மூன்று முறை மாறும். முதல் பக்கத்தை முழுசாகக் கலைத்துப் போட்டுவிட்டு, மேலே எட்டுக் காலத்துக்கு, அதாவது பக்கத்தின் முழு அகலத்துக்கும், இடம் விட்டுவைத்திருப்பார்கள். அந்த இடத்தை நிரப்ப வேண்டியவன் நான்.

ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். 'பதிலடி' நான்கெழுத்து. 'விசாரணை'யும் நான்கெழுத்து. 'நிதானம்' என்பதும் நான்கெழுத்துதான். (சிலவற்றுக்கு அகலம் சற்றுக் கூடும், அதை அச்சுக்கோப்பவர் பார்த்துக்கொள்வார்.) தலைப்பில் மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். பணியில் இருந்த காலத்தில் எத்தனை முறை 'பதிலடி' போட்டிருப்பேன் என்று கணக்கே கிடையாது. 'நிதானம்' என்று ஒருமுறைகூடப் போட்டதில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த நேரத்தில் அந்தச் சொல்தான் கைக்கு வந்தது. உங்கள் வாய்க்கும் அதுதான் வரும் என்பதால்தான் இந்த மடல்.

முதலில், முதல் இரவின் அறிவைப் பற்றி. அது பெரும்பாலும் அரைகுறை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில வாரங்கள் வரை, இறந்தோரும் காணாமற்போனோரும் ஆறாயிரத்துக்கு மேல் என்று உலகமே எழுதியது. நானும் எழுதினேன். பெயர்களைச் சரிபார்க்கப் பார்க்க எண்ணிக்கை இறங்கி, கடைசியில் 2,977 என்று நின்றது. செத்தவர்களை எண்ணுவதிலேயே இவ்வளவு தடுமாற்றம் என்றால், கொன்றவர்களை அடையாளம் காட்டுவதில் எவ்வளவு இருக்கும்?

2004 மார்ச் 11 காலை ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் நான்கு புறநகர் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாஸ்க் பிரிவினைக் குழுவான எட்டாதான் செய்தது என்று அரசு அறிவித்தது. பிரதமர் அஸ்னார் தானே பத்திரிகை ஆசிரியர்களுக்கு போன் போட்டுச் சொன்னார். எல் பாயிஸ் நாளிதழின் சிறப்புப் பதிப்பு எட்டாவின் பெயரைத் தலைப்பிலேயே போட்டு வெளிவந்தது. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அன்றைக்கே எட்டாவின் பெயரைச் சொல்லிக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. செய்தது எட்டா இல்லை. வெடிக்காத ஒரு பையில் இருந்த செல்போனின் சிம் அட்டையைப் பிடித்துக்கொண்டு போன காவல்துறைதான், ஜிகாதிக் குழு ஒன்றைக் கண்டுபிடித்தது. அந்தத் தலைப்பைப் போட்ட துணை ஆசிரியரை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும். தலைப்பையாவது மறுநாள் திருத்திவிடலாம். கிளம்பிப்போன விமானத்தை என்ன செய்வது?

ஒக்லஹோமா நகரில் 1995 ஏப்ரல் 19 அன்று அரசுக் கட்டடத்தைத் தகர்த்த குண்டு 168 பேரைக் கொன்றது, அதில் 19 பேர் குழந்தைகள். அன்று தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்த வல்லுநர்கள் பலர் மேற்காசியாவைக் கைகாட்டினார்கள். குண்டு வைத்தவனோ அமெரிக்கப் படையில் இருந்து வளைகுடாப் போரில் பதக்கம் வாங்கியவன். நம்பர் பிளேட் இல்லாமல் கார் ஓட்டினான் என்று, வெடித்த ஒன்றரை மணி நேரத்தில் நெடுஞ்சாலையில் ஒரு காவலர் அவனை நிறுத்தியிருந்தார். வல்லுநர்கள் கடல்தாண்டித் தேடிக்கொண்டிருந்தபோது ஆள் உள்ளூர்க் காவலில் இருந்தான்.

என் மொழியில் ஒரு பழைய கதை உண்டு. சிலம்பைத் திருடியவன் இவன்தான் என்று பொற்கொல்லன் ஒருவன் சொன்னதை நம்பி, தீர விசாரிக்காமல் ஆணையிட்டுவிடுகிறான் ஒரு பாண்டிய மன்னன். தவறு தெரிந்ததும் அரியணையிலேயே உயிரை விடுகிறான். எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பெரும்பாலும் கதையை அங்கே நிறுத்திவிடுவோம். என்னை உலுக்குவது அதற்கு அடுத்த கட்டம். கணவனை இழந்தவளின் சினம் ஊரையே எரிக்கிறது. நியாயம் முழுக்க அவள் பக்கம். கிளம்பும் தீயிடம் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொல்லித்தான் அவள் அனுப்புகிறாள். இன்றைய படைகளும் அதையேதான் சொல்லி அனுப்புகின்றன, 'துல்லியத் தாக்குதல்' என்ற பெயரில். ஆனால் எரிந்தது ஊர்.

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொலைகாரர்களை மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. அந்த உரிமை பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு மட்டும்தான் உண்டு. நான் கேட்பது வேறு. பிடியுங்கள். யார் திட்டம் போட்டது, பணம் எந்த வழியாக வந்தது, யார் சிம் அட்டை வாங்கிக் கொடுத்தது, யார் தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்தது என்று ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துக்கொண்டு போய், நீதிமன்றத்தில் நிறுத்துங்கள். இது போரைவிட மெதுவானது. ஆனால் அடி சரியான ஆளின் மேல் விழும்.

மும்பையை நினைத்துப் பாருங்கள். 2008 நவம்பர் 26 இரவு கடல் வழியாக வந்த பத்துப் பேர் 166 பேரைக் கொன்றார்கள். பத்தில் ஒருவன் மட்டும் உயிரோடு பிடிபட்டான். பிடித்தவர் உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே. அவர் கையில் இருந்தது வெறும் லத்தி. நீட்டிய துப்பாக்கியின் குழலை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டே விடாமல் இருந்தார். அவர் செத்தார், சாட்சி பிழைத்தான். பயிற்சி எங்கே நடந்தது, படகு எங்கிருந்து கிளம்பியது, கொலை நடந்துகொண்டிருந்தபோதே போனில் கட்டளை கொடுத்தவர்கள் யார் என்ற கேள்விகளுக்கெல்லாம் உலகத்தின் முன் வைக்க ஆதாரம் கிடைத்தது. இந்தியா அப்போது போருக்குப் போகவில்லை. வழக்கு நடந்தது, மேல்முறையீடு நடந்தது, 2012 நவம்பர் 21 அன்று தண்டனை நிறைவேறியது. (தூக்குத் தண்டனை பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. அது இந்த மடலுக்கு வேண்டாம்.) சதியின் மூளையாக இருந்த எல்லோரும் தண்டனை பெறவில்லை என்பது உண்மை. அந்தக் கசப்பு இன்னும் இருக்கிறது, இருக்கத்தான் செய்யும். ஆனால் அன்று படை கிளம்பியிருந்தால், கொன்றது யார் என்ற பேச்சே அடிபட்டுப்போய், அணு ஆயுதம் வைத்திருக்கும் இரண்டு நாடுகளின் சண்டை என்ற பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கும்.

இதை ஏதோ காந்தியவாதியின் ஆசை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்க விமானப்படையின் திட்டமாகப் பிறந்த ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 1968 முதல் 2006 வரை இயங்கிய 648 பயங்கரவாதக் குழுக்களை எடுத்துப் பார்த்தார்கள். முடிவுக்கு வந்த குழுக்களில் 43 விழுக்காடு அரசியல் வழிக்குத் திரும்பி முடிந்தன. 40 விழுக்காட்டைக் காவல்துறையும் உளவுத்துறையும் முடித்தன. படைபலத்தால் முடிந்தவை 7 விழுக்காடு. உங்கள் மேசையில் முதல் இரவே வந்து விழும் திட்டம் பெரும்பாலும் அந்த 7 விழுக்காட்டைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும். அதற்குத்தான் படம் காட்ட முடியும், வரைபடம் போட முடியும், மேசை மேல் அம்புக்குறி வரைய முடியும்.

எதிரியின் கணக்கையும் பார்க்க வேண்டும். சில டஜன் பேர் கொண்ட ஒரு கூட்டத்தால் எந்த நாட்டையும் தோற்கடிக்க முடியாது. அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த வேலையை உங்களை வைத்தே செய்து முடிப்பதுதான் அவர்கள் திட்டம். அமெரிக்காவை ரத்தம் வடியவைத்துத் திவாலாக்குவதே தன் வழி என்று 2004 அக்டோபரில் வெளியான காணொளியில் பின் லாடனே வாய்விட்டுச் சொன்னார். வட அயர்லாந்தில் 1971 ஆகஸ்டில் விசாரணை இல்லாமல் ஆட்களை அள்ளிக்கொண்டுபோய் அடைத்தார்கள். 1972 ஜனவரி 30 அன்று டெரி நகரில் ஊர்வலம் வந்தவர்கள் மீது பிரிட்டிஷ் படை சுட்டு, அன்றைக்கே 13 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. குழுவுக்கு ஆள் சேர்க்கத் தனியாக யாரும் பிரசாரம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு கதை அதிகம் பேசப்படுவதில்லை. 1982 ஜூன் 3 இரவு லண்டனில் ஒரு விருந்து முடிந்து வெளியே வந்த இஸ்ரேல் தூதர் ஷ்லோமோ ஆர்கோவின் தலையில் சுட்டார்கள். சுட்டது அபு நிடால் குழு. அது பாலஸ்தீன விடுதலை இயக்கத்திலிருந்து பிரிந்து, அந்த இயக்கத்தின் ஆட்களையே தேடித்தேடிக் கொன்ற குழு. மூன்றே நாளில், ஜூன் 6 அன்று, அந்த விடுதலை இயக்கத்தை ஒழிப்பதற்காக என்று இஸ்ரேல் படை லெபனானுக்குள் நுழைந்தது. முழுதாக வெளியே வர 2000-ஆம் ஆண்டு ஆயிற்று. அந்தப் படையெடுப்பின் பிள்ளையாக ஹிஸ்புல்லா பிறந்தது. ஆர்கோவ் பிழைத்தார், ஆனால் எழுந்து நடமாடவில்லை, இருபது ஆண்டு மருத்துவமனைப் படுக்கையிலேயே கிடந்து 2003-ல் இறந்தார். யாருடைய ரத்தத்துக்காகக் கிளம்பினோம் என்று சொன்னார்களோ, அவரே படுக்கையில் இருந்தபடி அந்தப் போரைக் கண்டித்தார். அதைக் கேட்டு ஒரு டாங்கிகூடத் திரும்பிவரவில்லை.

இனி 2001 செப்டம்பர் 14. கோபுரங்கள் விழுந்து மூன்றாம் நாள். அன்று பகலில் வாஷிங்டன் தேவாலயத்தில் நினைவு வழிபாடு நடந்தது. நாம் எதை வெறுக்கிறோமோ அதுவாகவே நாம் மாறிவிடக் கூடாது என்று ஒரு போதகர் வேண்டிக்கொண்டார். படையை ஏவ அதிபருக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானத்தில் எப்படி வாக்களிப்பது என்று அதுவரை முடிவெடுக்க முடியாமல் தவித்த பார்பரா லீ என்ற அமெரிக்க நாடாளுமன்றத்தின் கலிபோர்னியா உறுப்பினர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிரவு அவையில் அதே சொற்களைச் சொல்லிவிட்டு எதிர்த்து வாக்களித்தார். 420-க்கு 1. செனட்டில் 98-க்கு பூஜ்யம். லீக்குக் கொலைமிரட்டல்கள் வந்து குவிந்தன, காவலோடுதான் நடமாட வேண்டியிருந்தது.

அந்தத் தீர்மானத்தின் மையமான வாக்கியம் ஆங்கிலத்தில் 60 சொற்கள். ஒரு துணை ஆசிரியனின் கண்ணோடு படித்துப் பாருங்கள். எந்த இடம் என்று இல்லை. எந்த நாள் வரை என்று இல்லை. எதிரியின் பெயர்கூட இல்லை. யார் எதிரி என்று குடியரசுத் தலைவர் தீர்மானிக்கிறாரோ அவர்மேல் படை பாயலாம். இப்படி ஒரு பத்தியை ஒரு பயிற்சி நிருபர் எழுதிக்கொண்டுவந்தால், 'யார், எங்கே, எப்போது' என்று ஓரத்தில் கேள்வி போட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அந்த 60 சொற்களைக் காட்டியே ஏமன், சோமாலியா என்று செப்டம்பர் 11-க்குச் சம்பந்தமில்லாத மண்ணிலெல்லாம் குண்டு விழுந்தது. ஈராக்குக்குத் தனியாக இன்னொரு தீர்மானம் வந்தது. செப்டம்பர் 11-ல் ஈராக் கூட்டுச் சேர்ந்ததற்கு ஆதாரமில்லை என்று பின்னால் விசாரணை ஆணையமே சொல்லிவிட்டது.

ஆப்கானிஸ்தான் மேல் 2001 அக்டோபர் 7 அன்று குண்டுவீச்சு தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான் மீண்டும் காபூலுக்குள் வந்தது. இடையில் பின் லாடன் கொல்லப்பட்டது ஆப்கன் போர்க்களத்தில் இல்லை. பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில், அவருடைய தூதுவன் ஒருவனைப் பல ஆண்டுகள் பொறுமையாகப் பின்தொடர்ந்து, ஒரு வீட்டைக் கண்டுபிடித்து, ஒரே இரவில் முடித்தார்கள். செப்டம்பர் 11-க்குப் பிந்தைய போர்களில் நேரடியாக இறந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 9 லட்சம் பேர், செலவு 8 லட்சம் கோடி டாலர் என்று பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு 2021-ல் கணக்கிட்டது. எண்கள் இந்த அளவுக்கு வளர்ந்துவிட்டால் மனசில் எதுவும் தைக்காது என்பது தொழிலில் கற்ற பாடம். ஒரே ஒரு காரைப் பற்றிச் சொல்கிறேன்.

2021 ஆகஸ்ட் 26 அன்று காபூல் விமான நிலைய வாசலில் தற்கொலைக் குண்டு வெடித்து 13 அமெரிக்க வீரர்களும் 170 அளவில் ஆப்கானியர்களும் இறந்தார்கள். அடுத்த குண்டு எப்போது என்ற பயம். ஆகஸ்ட் 29 அன்று வெள்ளை டொயோட்டா கொரோலா ஒன்றை ஆளில்லா விமானம் காலையிலிருந்து பின்தொடர்ந்தது. ஏறத்தாழ எட்டு மணி நேரம். ஓட்டியவர் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஊழியர். அலுவலகத்தில் தண்ணீர் கேன்களை நிரப்பிக் காரில் ஏற்றினார், வீட்டுப் பக்கம் தண்ணீர் வராததால். மேலே இருந்து பார்த்தவர்களின் கண்ணுக்கு அவை வெடிபொருளாகத் தெரிந்தன. கார் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தது. அப்பா வந்துவிட்டார் என்று பிள்ளைகள் ஓடிவந்தார்கள். ஏவுகணை விழுந்தது. இறந்த 10 பேரில் 7 பேர் குழந்தைகள். நியாயமான தாக்குதல் என்றார் ராணுவத்தின் மூத்த தளபதி. செப்டம்பர் 17-ல், துயரமான தவறு என்று பென்டகன் ஒப்புக்கொண்டது. இருபது ஆண்டுப் போரில் அமெரிக்கப் படை அந்த மண்ணில் கடைசியாக நடத்திய தாக்குதல் அது.

படையே கூடாது என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. கட்டடத்துக்குள் பிணைக்கைதிகள் இருந்தால் கமாண்டோக்கள் போகத்தான் வேண்டும். ஒரு கூட்டம் நகரத்தையே பிடித்துவைத்துக்கொண்டு மக்களை அடிமையாக விற்றால், மொசூலில் ஐ.எஸ். இருந்ததுபோல், காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்துத் தீராது. 2001 இறுதியில் அல்-காய்தாவின் முகாம்கள் கலைந்தது ராணுவத்தால்தான், அதையும் மறைக்கவில்லை. எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று எனக்கும் திட்டவட்டமாகத் தெரியாது. ஆனால் முதல் வாரத்தில், கோபம் தலைக்கேறிய நேரத்தில், அந்தக் கோட்டைப் போட்டு யாரும் சரியாகப் போட்டதாக நான் பார்க்கவில்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினான் என்பார்கள் எங்கள் பக்கம். வீடு எரியும்போது எலிதான் முதலில் தப்பித்து ஓடும்.

'பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் பதிலடி கேட்கின்றன' என்று உங்களிடம் சொல்வார்கள். சிலர் கேட்பார்கள், அவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. எல்லோரும் கேட்பதில்லை. செப்டம்பர் 11-ல் மகனை இழந்த ஒரு தாயும் தந்தையும் சில நாட்களிலேயே, எங்கள் மகனின் பெயரால் வேண்டாம் என்று பகிரங்கமாக எழுதினார்கள். அந்தத் தாக்குதலில் உறவுகளை இழந்த சிலர் 2002 ஜனவரியில் ஆப்கானிஸ்தானுக்கே போய், அமெரிக்கக் குண்டுவீச்சில் பிள்ளைகளை இழந்தவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்கள். 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் தாக்குதலில் பெற்றோர் இருவரையும் பறிகொடுத்த ஓர் இஸ்ரேலிய மகன், துக்க நாட்களிலேயே, பழிவாங்க வேண்டாம் என்று கெஞ்சினார். செய்தி மேசையில் இவையெல்லாம் எட்டாம் பக்கத்துச் சிறுபெட்டிக்குப் போகும். நானே அனுப்பியிருக்கிறேன்.

ஒக்லஹோமாவில் 23 வயது மகளை இழந்த ஒரு தந்தையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பெட்ரோல் பங்க் நடத்தியவர். குண்டு வைத்தவனை விசாரணை இல்லாமலே கொல்ல வேண்டும் என்றுதான் முதலில் அவரும் நினைத்தார். குடித்தார், புகைத்துத் தள்ளினார். குண்டு வெடித்த இடத்துக்கு எதிரே ஓர் எல்ம் மரம் தப்பிப் பிழைத்திருந்தது. மகள் காரை வழக்கமாக நிறுத்தும் நிழல் அது. ஒரு குளிர்நாளில் அதன் அடியில் நின்றபோதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. குண்டு வைத்தவனும் பழிதான் வாங்கியிருக்கிறான். டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோவில் 1993 ஏப்ரல் 19 அன்று அரசு முற்றுகையில் எரிந்து செத்தவர்களுக்காக, இரண்டாண்டு கழித்து அதே தேதியைத் தேர்ந்தெடுத்தவன் அவன். பழி என்ற அந்த எண்ணம்தான் தன் மகளைக் கொன்றது, அதையே தான் எப்படிக் கையில் எடுப்பது?

1998-ல் அவர் நியூயார்க் மாநிலத்துக்குப் போனார், குண்டு வைத்தவனின் தந்தையைப் பார்க்க. இரண்டு தகப்பன்களும் முதலில் தோட்டத்தில் நின்று பேசினார்கள். பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. வந்தவரின் கண் அடிக்கடி அங்கேயே போனது. கடைசியில், பையன் அழகாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டார். பள்ளிப் படிப்பு முடித்தபோது எடுத்தது என்றார் தகப்பன், கண்ணில் நீர் உருண்டது. ஒருவர் பிள்ளை போய்விட்டது, இன்னொருவர் பிள்ளை போகப்போகிறது. 2001 ஜூனில் அந்த மரண தண்டனை நிறைவேறியபோது, மகளை இழந்தவர் அதை எதிர்த்துக்கொண்டிருந்தார்.

கருணை என்ற சொல்லை உங்கள் கூட்டத்தில் சொன்னால் சிலர் உதட்டைச் சுழிப்பார்கள். ஏதோ கண்ணை மூடிக்கொண்டு பாடும் பாட்டு என்று நினைப்பு. கருணை என்பது உடம்பு நோகச் செய்யும் வேலை. 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊர்மேல், குண்டு வைக்கப்பட்ட ஒரு விமானம் வெடித்துச் சிதறி விழுந்தது. விமானத்தில் இருந்தவர்களும் ஊர்க்காரர்களுமாக 270 பேர் இறந்தார்கள். வயல்வெளியெங்கும் துணிமணிகள். காவல்துறை ஆய்வு முடிந்து விடுவித்ததும், அந்த ஊர்ப் பெண்கள் அவற்றைத் துவைத்தார்கள். எண்ணெய் நாற்றமும் கறையும் போகும்வரை துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, முகம் தெரியாத குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். அதே வழக்கில் துப்புத் துலக்கியதும் சட்டைத் துணியின் கிழிசலும் விரல் நகம் அளவு மின்சுற்றுத் துண்டும்தான். பத்தாண்டுக்கு மேல் பேச்சும் தடையும் நெருக்குதலும் தொடர்ந்து, நெதர்லாந்தில் ஸ்காட்லாந்துச் சட்டப்படி நீதிமன்றம் அமைத்து, லிபிய உளவாளி ஒருவனைத் தண்டித்தார்கள். முழு நீதி கிடைத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. துணி துவைத்ததும் வழக்கு நடத்தியதும் ஒரே காரியத்தின் இரண்டு பாதி என்றுதான் எனக்குப் படுகிறது.

அரசுகளும் இப்படி நடந்திருக்கின்றன. 2011 ஜூலை 22 அன்று ஓஸ்லோவிலும் உட்டோயா தீவிலும் 77 பேரைக் கொன்றவனுக்கு எதிராக நார்வே சட்டத்தை வளைக்கவில்லை. இன்னும் அதிக ஜனநாயகம், இன்னும் அதிகத் திறந்த மனம் என்றார் பிரதமர் ஸ்டோல்டன்பெர்க், ஏமாளித்தனம் மட்டும் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார். அரசு அமைத்த ஆணையம் அடுத்த ஆண்டே காவல்துறையின் மெத்தனத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டு உடைத்தது. நியூசிலாந்தில் 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டபோது, கொன்றவனின் பெயரைத் தன் வாயால் சொல்லமாட்டேன் என்றார் பிரதமர் ஆர்டர்ன். ஒரு மாதத்துக்குள் துப்பாக்கிச் சட்டம் மாறியது, 119-க்கு 1 என்ற வாக்கில். வேகமாகச் செயல்படத் தெரியாதவர்கள்தான் நிதானம் பேசுவார்கள் என்று யாராவது சொன்னால் இந்த ஒரு மாதத்தைக் காட்டுங்கள்.

இன்னொன்று, இதற்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். கொன்றவர்களின் மதத்தையோ மொழியையோ சேர்ந்தவர்கள் உங்கள் நாட்டிலும் இருப்பார்கள். அந்த இரவில் அவர்கள் கதவைத் தாழிட்டு, விளக்கை அணைத்து உட்கார்ந்திருப்பார்கள். 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனாவில் தன் பெட்ரோல் நிலையத்தின் முன் பூச்செடி நட்டுக்கொண்டிருந்த சீக்கியர் ஒருவரை, தலைப்பாகையையும் தாடியையும் பார்த்துவிட்டுச் சுட்டுக் கொன்றான் ஒருவன். இரண்டு நாள் கழித்து அதிபர் புஷ் வாஷிங்டன் மசூதிக்குப் போய் இஸ்லாமியர்களுக்கு ஆதரவாகப் பேசினார். அவர் செய்த மற்ற எதையும் நான் ஏற்கவில்லை, அதை ஏற்கிறேன். இரண்டு நாள் முன்னால் போயிருக்கலாம். நீங்கள் அன்றைக்கே போங்கள்.

கேட்க வேண்டியவற்றைக் கேட்டு முடிக்கிறேன். தொலைக்காட்சிக்குப் பேசும் முன் மருத்துவமனைக்குப் போங்கள், கேமரா இல்லாமல். 'தக்க பதிலடி கொடுப்போம்' என்ற வாக்கியத்தை உங்கள் உரை எழுதுபவர் நிச்சயம் எழுதிவைத்திருப்பார், அதை அடித்துவிடுங்கள். ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு ஆதாரம் உங்களை வழிநடத்தாது, அந்த வாக்கியம்தான் வழிநடத்தும். படைக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் வந்தால் யார், எங்கே, எந்த நாள் வரை என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அவையில் ஒரே ஒருவர் எழுந்து நின்று வேண்டாம் என்றால் அவரைப் பேசவிடுங்கள், அவர் வீட்டு வாசலுக்குக் காவலும் போடுங்கள். முப்பது நாள் கழித்துச் செய்ய முடியாத எந்தப் பதிலடியையும் மூன்றாம் நாள் செய்யாதீர்கள்.

நீங்கள் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, எங்கோ ஒரு செய்தி மேசையில் என்னைப் போல ஒருவர் உட்கார்ந்திருப்பார். கடைசிப் பதிப்புக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கும். மேலே எட்டுக் காலம் காலியாக இருக்கும், நான்கெழுத்துக்கு இடம் விட்டு. நீங்கள் மைக் முன்னால் வந்து நின்று முதலில் சொல்லும் சொல்லைத்தான் அவர் அங்கே போடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணை ஆசிரியர் ஒருவர்